அட்ஜஸ்ட் ஆகாத கார்

தலையில் முடி கம்மியாகி வயிற்றில் சதை ஜாஸ்தியான பிறகுதான் எனக்கு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. மற்றவர்களுக்கு இருபது வயதில் வருகிற வியாதி. எனக்கு நாற்பது தாண்டி வந்ததால், வயது கடந்து போடுகிற அம்மை மாதிரி கடுமையாகவே போட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நானும் அண்ணனும் சேர்ந்து நடத்திய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியை அப்போதுதான் பங்கு பிரித்திருந்தோம். இருந்த பழைய ஜீப்பையும் விற்றாகிவிட்டது. என் பங்கில் ஒரு கார் வாங்கலாம் என்று இறங்கினேன். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு கார்கள் விலைக்கு நின்றன. ஒன்று, கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில்காரருடைய கிரீம் கலர் கார், நம் நாட்டில் செய்தது. இன்னொன்று, எங்கள் ஊர் மலையடிவார ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் தேசத்திலிருந்து தரைவழியாகவே ஓட்டி வந்தது. சிவப்பு. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அவர் ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். வரி கட்டி, காகிதமெல்லாம் முறையாக வைத்திருந்தார். அந்தக் காரில் சீட்டு இரண்டே இரண்டு.

அந்த ஜீப்பை இருபது வருஷம் ஓட்டியவன் நான். அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டுகிறவனுக்குச் சொல்லத் தெரியும். எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவன் வாயில் வரக்கூடாத வார்த்தை ‘இடமில்ல’. வரவேண்டியது ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’. அப்படி அட்ஜஸ்ட் பண்ணி, போளூர் கல்யாணம் ஒன்றுக்குப் பதினாலு பேரை ஏற்றிப் போயிருக்கிறேன். அதில் எனக்குச் சொந்தமில்லாதவர்களும் இருந்தார்கள் என்பது சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. முன் சீட்டு வயதில் மூத்த ஆம்பளைக்கு, பெண்கள் பின்னால். மறுவீடு போனபோதுகூட புது மாப்பிள்ளை நான் ஓட்ட, பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு பெரியப்பா. புதுப்பெண் பின்னால் நசுங்கி உட்கார்ந்திருந்தாள், மடியில் யாரோ பெற்ற பிள்ளை.

கிரீம் கலர் காரை முதலில் ஓட்டிப் பார்த்தேன். பார்த்தேன் என்று ஒருமையில் சொல்வது தப்பு. ஏழு பேர் பார்த்தோம். முன்னால் அண்ணன்.

“இன்னாமா எடம் கீது பாருடா! இன்னும் ரெண்டு பேரு தாராளமா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.”

நிஜமாகவே நல்ல கார். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். சாமான் வேலூரிலேயே கிடைக்கும். அறிவுள்ளவன் அதைத்தான் வாங்குவான். அந்த ஒரு நிபந்தனைதான் எனக்கு இடித்தது.

அடுத்து சிவப்பு. அண்ணன், நான், என் மனைவி மூன்று பேரும் போனோம். வழக்கம்போல அண்ணன் முன் சீட்டில் ஏறப் போனார். அந்தக் காருக்குள் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும், அவ்வளவு தாழ்வு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், அதாவது விழுந்தார். எழ முடியவில்லை. வெள்ளைக்காரரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். “மெதுவா, மெதுவா,” என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் செலவழித்தார்.

“இது காராடா? மாட்டுத்தொட்டி!” என்று வேட்டியைத் தட்டிய அண்ணன், என் மனைவியிடம் திரும்பினார். “நீ போய் உக்காரும்மா. உக்காந்து பாத்தாதான் தெரியும் லட்சணம்.”

உட்கார்ந்தாள். அண்ணனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அவர்கள் தேசத்துக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். ஆகவே நான் இடது, அவள் வலது. அடி அண்ணாமலைப் பக்கம் போனால் மலையும் வலது பக்கம், முழுசும் அவளுக்கே.

“ஏங்க, காத்து மூஞ்சில அடிக்குதுங்க.”

“கூரைய மூடட்டுமா?”

“வாணாம். இன்னும் கொஞ்சம் வேகமா போங்க.”

கொஞ்ச தூரம் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். “இத்தினி வருசமா வண்டில உங்க பின்மண்டையத்தான் பாத்துக்கினு வந்தேன். வழுக்க எப்ப ஆரம்பிச்சதுனு ஊர்ல மொதல்ல தெரிஞ்சது எனக்குத்தான்.”

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, அவள் கேட்ட வேகத்தைக் கொடுத்தேன்.

அடி அண்ணாமலை டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். டிரைவர் இருக்க வேண்டிய பக்கம் புடவை கட்டிய ஒருத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு.

“டேய், பொம்பள காரு ஓட்டுதுடா! கையே வெக்காம ஓட்டுது!”

அவள் மடியிலிருந்த இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். டீக்கடை கலைந்து ஓடியது.

நாங்கள் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. அண்ணனும் எப்படியோ எங்களுக்கு முன்னால் வந்து வாசலில் நின்றார்.

“ஊரே சிரிக்குதுடா. பொண்டாட்டி ஓட்டறாளாம், நீ பக்கத்துல பொம்ம மாதிரி குந்திக்கினு போறியாம். மானம் போவுது. சரி, அத விடு. இத வாங்கிட்டேன்னா, நாளிக்கி ஒரு நல்லது கெட்டதுனா நாங்கல்லாம் எதுல போறது?”

நியாயமான கேள்வி. இருபது வருஷப் பழக்கம், அந்த ‘அட்ஜஸ்ட்’ வார்த்தை என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மனைவி பேசினாள்.

“அதுல ரெண்டு பேருதான் போவ முடியும் மாமா. அந்த ரெண்டு பேரு நாங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார், அவள் ஏதோ வேறு பாஷை பேசிவிட்ட மாதிரி.

“அவ சொன்னதுதாண்ணா,” என்றேன். “உங்களுக்கெல்லாம் எடமில்ல.”

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சிவப்பை நான் வாங்கினேன். அண்ணன் கிரீம் கலர் காரை வாங்கி, ஒரு டிரைவரையும் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று மாதத்தில் பாதி நாள் சிவப்பு காரும் பேசவில்லை. அதற்கு வேண்டிய ஒரு ரப்பர் வளையம் இந்தியாவிலேயே கிடையாது என்றார்கள். உள்ளூர் மெக்கானிக் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “சார், இஞ்சின யாரோ கழட்டிக்கினு போயிட்டாங்க,” என்று பதறினான். இஞ்சின் பின்னால் இருந்தது. வேகத்தடை வந்தால் அடிவயிறு உரசும், காருக்கும் எனக்கும். இதையெல்லாம் ஒரு தராசில் போட்டால் கிரீம் கலர்தான் ஜெயிக்கும். ஜெயிக்கட்டும். இன்றைக்கு இரண்டையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாலும் நான் சிவப்பைத்தான் எடுப்பேன்.

ஒரு ஐப்பசி மழையில் செங்கம் ரோட்டில் கூரை பாதியில் சிக்கிக்கொண்டது. மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. மனைவி காருக்குள்ளேயே குடையை விரித்தாள். பின்னால் வந்த அண்ணன் கார் பக்கத்தில் நின்றது. ஜன்னலுக்கு ஒரு முகமாக உள்ளே கூட்டம்.

“அறிவு கெட்டவனே, நனையறாடா அவ! ரெண்டு பேரும் வந்து ஏறுங்க.”

அவள் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். “நீங்க போங்க மாமா. நாங்க மெதுவா வரோம்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் கியர் போட்டேன். எதிரே ரோடே தெரியவில்லை.

“கொடைய உங்க பக்கம் சாய்க்கட்டுமாங்க?”

“வாணாம், நீ புடிச்சிக்கோ. எனக்குக் கொட்டினா கொட்டட்டும்.”

சாய்த்துதான் பிடித்தாள். இரண்டு பேரும் பாதிப்பாதி நனைந்தோம்.