எட்டுப் பேரும் மூன்று விருந்தாளிகளும்

வெர்லின் கூபிசெக் வரையும் ஆட்டப் படங்களில் முதலில் எட்டு வட்டங்கள்தான் இருக்கும். பிறகு ஞாபகம் வந்து தாளின் ஓரத்தில் இன்னும் மூன்று வட்டங்களைச் சேர்ப்பார். எட்டிலிருந்தும் அம்புக்குறிகள் நாலா திசையிலும் பாயும். அந்த மூன்றுக்கு மட்டும் அம்பு கிடையாது. அவை எங்கும் போகவேண்டியதில்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வெர்லின் இருக்கும் பக்கத்தில் பள்ளிக்கூடங்களில் ஓர் அணிக்குப் பதினொரு பையன்கள் தேறமாட்டார்கள். அதனால் அங்கே, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து என்றால் எட்டுப் பேர் ஆட்டம்தான். அப்பா ஆடியதும் எட்டு, பிள்ளை ஆடுவதும் எட்டு. வெர்லின் அப்படி ஒரு பள்ளியில் பத்தொன்பது வருடம் கோச்சாக இருந்தவர். அந்தப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்தபோது வேலை போயிற்று. விதைச்சோளம் விற்றுக்கொண்டிருந்தவரை ஹாஸ்டட் கல்லூரி கூப்பிட்டு, புதிதாக ஓர் அணியை உருவாக்கித் தரச் சொன்னது. மாணவர் எண்ணிக்கை இருநூறுக்குக் கீழே போய்விட்டது. கால்பந்து இருந்தால் பையன்கள் வருவார்கள் என்று கல்லூரி நம்பியது.

வந்தார்கள். வெர்லின் பண்ணை பண்ணையாகப் போய் டிராக்டரிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார். அத்தனை பேரும் எட்டுப் பேர் ஆட்டத்தில் வளர்ந்தவர்கள். கல்லூரி ஆட்டத்துக்கோ பதினொரு பேர் வேண்டும்.

முதல் போட்டியில் விசில் அடித்ததும் எட்டுப் பேர் ஓடினார்கள். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

"பதினொண்ணுடா," என்றார் வெர்லின். "இன்னும் மூணு பேர் போங்க."

"போய் எங்க நிக்கணும் கோச்?" என்று கேட்டான் ஆண்டர்ஸ். லுத்தரன் போதகரின் மகன்.

வெர்லின் தன் படத்தைப் பார்த்தார். "யார் வழியிலயும் இல்லாம நில்லுங்க."

அவர்களும் அப்படியே நின்றார்கள். ஆண்டர்ஸ் நல்ல வளர்ப்பு. எதிரணிக்காரன் பாய்ந்து வந்தால் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி விலகி வழிவிடுவான். மைதானத்தில் தின்பண்டக் கடையை நடத்தும் ஆர்டிஸ் அம்மாள் அந்த மூவருக்கும் விருந்தாளிகள் என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒன்பது போட்டிகள் முடிந்தன. பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. ஹாஸ்டட் அணி ஒருமுறைகூடத் தாண்டவில்லை. கல்லூரி அறங்காவலர்கள் கூடி, கடைசிப் போட்டியிலாவது ஒரே ஒரு டச்டவுன் வேண்டும், இல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். ஜெயிக்கச் சொல்லவில்லை. அவ்வளவு ஆசை அவர்களுக்கு இல்லை.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அறங்காவலர்களில் ஒருவரான கேலன் வீஸ்லர். மைதானம் இருக்கும் நிலத்தை முன்பு குத்தகைக்கு எடுத்து சோயா போட்டவர் அவர்தான். அணி போனால் நிலம் அவருக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு போட்டிக்கும் மண்துளைக் கருவியோடு வந்து, கடைசிக் கோட்டுக்கு அப்பால் மண்டியிட்டுப் பரிசோதனைக்கு மண் எடுப்பார். ஹாஸ்டட் அணி எந்தப் பக்கத்தை நோக்கி ஆடுகிறதோ அந்தப் பக்கம்தான் அவர் இருப்பார். அணிகள் பக்கம் மாறும்போது அவரும் கருவியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பக்கத்துக்கு நடப்பார். நடுவர்கள் முதலில் விரட்டிப் பார்த்தார்கள். அங்கே யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

கடைசிப் போட்டி நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அயோவாவிலிருந்து ஓர் அணி வந்திருந்தது.

"மண்ணு எப்படி இருக்கு கேலன்?" என்றார் வெர்லின், ஆட்டம் தொடங்குமுன்.

"பஞ்சு மாதிரி இருக்கு. மிதிபடாத மண்ணுல்ல. உன் பசங்களுக்கு நான் நன்றி சொல்லணும்."

"இன்னிக்கு மிதிப்பாங்க."

"வரட்டும் வெர்லின். வழி தெரியலைன்னா நான் கைகாட்டறேன்."

கடைசிக் கால்பகுதியில் ஐம்பத்து நாலுக்குப் பூஜ்யம். வெர்லின் எல்லாப் படங்களையும் ஆடிப் பார்த்துவிட்டார். பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்புக்கும் பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரோலுக்கும் வரிசை நீண்டுகொண்டிருக்க, ஆர்டிஸ் கரண்டியோடு பெஞ்சுக்கே வந்தாள்.

"வெர்லின், எனக்கு மூணு பசங்க வேணும்."

"ஆட்டம் நடக்குது ஆர்டிஸ்."

"நான் அத ஆட்டம்னு சொல்லமாட்டேன். சர்ச் அடுப்புல ரெண்டாவது அண்டா கொதிக்குது. தூக்கிட்டு வரணும். ஓரமா நிக்குதுங்களே மூணு, அதுங்க என்ன பண்ணுதுங்க?"

வெர்லின் பொய் சொல்லத் தெரியாதவர். "ஒண்ணும் பண்ணல."

"அப்ப அனுப்பு."

விருந்தாளிகள் ஹெல்மெட்டோடு சர்ச்சுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பதில் பெஞ்சிலிருந்து மூன்று பேரை அனுப்பவேண்டும் என்று வெர்லினுக்குத் தெரியும். அனுப்பத் திரும்பியவர், மைதானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். இந்த சீசனில் முதல்முறையாக அது சரியாகத் தெரிந்தது. கலைந்து கிடந்த வீட்டை யாரோ பெருக்கி ஒழுங்குபடுத்தியதுபோல் இருந்தது.

"கோச், எட்டுப் பேர்தான் இருக்கோம்," என்று கத்தினான் கோல்பி. பந்தோடு ஓடுபவன் அவன்தான்.

"ஆமாடா," என்றார் வெர்லின். "ஆடுங்க."

எட்டு முகங்களும் மலர்ந்தன. ஆறு வயதிலிருந்து ஆடிய ஆட்டம். படம் தேவையில்லை. எதிரணிக்காரர்களில் மூன்று பேர் தாங்கள் தடுக்கவேண்டிய ஆட்களைத் தேடினார்கள். அவர்களுடைய கோச் விரலை மடக்கி எண்ணினார். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். அவர் ஐந்தில் இருக்கும்போது கோல்பி அவரைக் கடந்து ஓடினான்.

அறுபது கஜம். துரத்த வேண்டியவர்கள் துரத்தவில்லை. நடுவர்களுக்கும் அந்தப் பக்கம் ஓடிப் பழக்கமில்லை. பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நின்றார்கள். கோல்பி பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடி, மண்டியிட்டிருந்த கேலன் மேல் இடறி விழுந்தான். பந்து ஒருபுறம், கருவி ஒருபுறம், தொப்பி ஒருபுறம்.

எதிரணிக் கோச் ஓடிவந்தார். "எட்டுப் பேரை வெச்சு ஆடறாங்க. இது ஏமாத்து வேலை."

"பதினொண்ணுக்கு மேல போனாத்தான் தப்பு," என்றார் தலைமை நடுவர். "கொறஞ்சா அது அவங்க தலையெழுத்து."

"சரி, கோட்டத் தாண்டினப்புறம் விழுந்தானா, தாண்டறதுக்கு முன்னாடியா? அதச் சொல்லுங்க."

நடுவருக்குத் தெரியவில்லை. மற்ற நடுவர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். கோல்பி பின்னால் பார்த்துக்கொண்டிருந்தவன், அவனுக்கும் தெரியாது. கேலனோ உருண்டு எழுந்து கோட்டின் மேலேயே நின்றிருந்தார். ஆக, உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

வெர்லின் நடந்து வந்து சேர்ந்தார். விதைச்சோள மூட்டைகள் அவர் கண்முன் வரிசையாக அடுக்கி நின்றன.

"நீங்க எங்க இருந்தீங்க ஐயா?" என்றார் நடுவர்.

கேலன் கையிலிருந்த, அப்போதுதான் எடுத்த மண் பையைப் பார்த்தார். எடுத்த இடத்தைப் பையில் எழுதாமல் அவர் ஒருநாளும் மண் எடுத்ததில்லை. அதில் பென்சிலால் எழுதியிருந்ததை நடுவர் எட்டிப் படித்தார்: வடக்குப் பக்கம், கோட்டுக்கு அப்பால் ஆறு அடி.

"அளந்துதான் எழுதினீங்களா?"

"பின்ன? மண்ணு விஷயத்துல நான் குத்துமதிப்பா எழுதறவனில்ல." சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

டச்டவுன் என்று நடுவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

அடுத்து பந்தை உதைத்து ஏழாவது புள்ளியையும் எடுக்கவேண்டும். ஆனால் அணியில் உதைக்கத் தெரிந்தவன் ஆண்டர்ஸ் ஒருவன்தான். அவன் அப்போது அண்டாவின் ஒரு காதைப் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்று, "மன்னிச்சுக்குங்க, சூடு, சூடு," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தான். ஐம்பத்து நாலுக்கு ஆறு போதும் என்று முடித்துக்கொண்டார்கள். ஊர் முழுவதும் ஹாரன் அடித்தது. ஜெயித்த அணி ஒன்றும் புரியாமல் பஸ் ஏறியது.

கூட்டம் கலைந்தபின் கேலன் அந்த இடத்துக்குத் திரும்பினார். வெர்லின் இரண்டு கிண்ணம் சில்லியோடு வந்து ஒன்றை நீட்டினார்.

"அடுத்த வருஷம் இங்க ஆள் நடமாட்டம் வந்துடும்," என்றார் கேலன். "மண்ணு இறுகிப் போயிடும்."

"அப்படித்தான் ஆகும்போல கேலன்."

கேலன் பையை அவிழ்த்து மண்ணைத் துளைக்குள்ளேயே கொட்டினார். பூட்ஸ் காலால் நன்றாக மிதித்துச் சமப்படுத்திவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.