நாலு பாடத்துக்கு ஒரு படம்

பண்டாரவளையில் புடைவைக் கடை வைத்திருக்கும் இப்றாஹீமின் மகள் றுஷ்தா, பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். வருசக்கணக்காக அதே வகுப்பு, அதே பஸ், அதிலும் பாதி நாள் நின்றுகொண்டுதான் பயணம். போன லீவில் பதுளையில் நடந்த பயிற்சிக்குப் போனவள், ஒரே ஓவியத்தை வைத்து எல்லாப் பாடமும் நடத்தலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வந்ததிலிருந்து தலைவலிதான்.

பயிற்சியில் காட்டியது வான்கோவின் சூரியகாந்திப் பூக்கள். றுஷ்தாவுக்குப் பிடித்ததோ அவருடைய வேறொரு படம்: விளக்கடியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாப்பிடும் ஒரு ஏழைக் குடும்பம். கிழங்கு தெரியாத பிள்ளை இந்த ஊவா மலைநாட்டில் உண்டா?

சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த பவாஸ் படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"ஒரே இருட்டா இருக்கே டீச்சர்! என் மெஷின்ல இருக்கிற மையெல்லாம் இதுக்கே போயிரும். வெளிச்சமா ஒரு படமும் கெடைக்கலையா?"

"நீங்க அடிங்க!"

அடித்ததில் ஐந்து பேரில் மூன்று பேர்தான் தெரிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குந்தியிருந்து, பெரிய தாளில் பெஸ்டல் வண்ணக்கட்டியால் தானே வரைந்து, கணிதப் பாடத்துக்குத் தொங்கவிட்டாள்.

"இவங்க வீட்ல கரண்ட் கட்டா டீச்சர்?" என்றான் ரஜீவ்.

"வெறும் கிழங்கா? சம்பல் இல்லையா?" என்றது பின்வரிசை.

அவர்களைக் கத்தி அடக்கி, கணக்கைச் சொன்னாள். தட்டில் இருபது கிழங்கு. ஐந்து பேர். ஆளுக்கு எத்தனை?

மதுவந்தி எழும்பினாள். "படத்துல தேத்தண்ணி ஊத்துற அம்மாவுக்கு மிஞ்சினாத்தான் டீச்சர்."

"கணக்குல எல்லாரும் சமமாத்தான் சாப்பிடுவாங்க, மதுவந்தி!"

"அது கணக்குல, டீச்சர்."

றுஷ்தா வாயைத் திறப்பதற்குள் வாசலில் பள்ளிக்கூட அதிபர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், பாட நேரசூசி பிசகினால் தாங்கமாட்டார்.

"டீச்சர், இப்ப கணிதமெல்லோ? என்ன கிழங்குச் சத்தம்?"

"இது கணிதம்தான் சேர். தமிழ், சுற்றாடல், சித்திரம் எல்லாமே இந்தப் படத்துல இருக்கு."

"நாலையும் ஒண்டாப் போட்டால் நான் நேரசூசியில எந்தப் பெட்டிக்குள்ள கையெழுத்து வைக்கிறது? வலயக் கல்விக் கந்தோரிலயிருந்து வந்து கேட்டால் ஆர் பதில் சொல்லுறது? படத்தை வெள்ளிக்கிழமை சித்திரப் பாடத்துக்கு வைச்சுக்கொள்ளுங்கோ."

அப்படியானால் நீங்களே வந்து படிப்பியுங்கள் என்று நினைத்தபடியே, "சரி சேர்" என்றாள். ஆனால் படத்தைக் கழற்றவில்லை. மணி அடிக்க அடிக்க, மேசையில் இருக்கும் புத்தகத்தை மட்டும் மாற்றினாள். கணிதத்தில் கிழங்கைப் பங்கு வைத்தார்கள். தமிழில் அந்த ஐந்து பேரும் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதினார்கள். சுற்றாடலில் கிழங்கு எப்படி விளைகிறது என்று படித்தார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒழுங்காக நிரம்பியதில் அதிபருக்குப் பரம திருப்தி.

பிள்ளைகளுக்குத்தான் இல்லை. ஒவ்வொரு மணிக்கும் வகுப்பு முழுக்க முனகும்:

"திரும்பவும் கிழங்கா டீச்சர்?"

"ஆமா, திரும்பவும் கிழங்குதான்! பேசாம புத்தகத்த எடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவாள் றுஷ்தா.