கிரைண்டர் நின்ற பிறகு

ஞானம்மாள் விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் எங்கள் இல்லத்திலிருந்து வெளிநாடு போன குழந்தைகளுக்கு விமானத்தில் உட்காரக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

இல்லம் பெங்களூரில் ஹெப்பகோடியைத் தாண்டி, ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பெற்றவர்கள் இல்லாத குழந்தைகளும் பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகளும் தத்துப் போகும்வரை அங்கே வளர்வார்கள். நான் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அங்கே போய்ச் சேர்ந்தேன். எல்லோருக்கும் நான் சிஸ்டர். ஞானம்மாள் எனக்கு முன்பிருந்தே அங்கே ஆயா.

அவள் கோலார் தங்கவயல்காரி. அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர், புருஷன் பால்ராஜும் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடியதும் புருஷனும் பெண்டாட்டியும் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். அவர் காவலாளி, அவள் ஆபீஸ்களில் தரை துடைப்பாள். மகள் ஜெனிஃபரை மாமியார் பார்த்துக்கொண்டார். மகள் தூங்கும்போது கிளம்பி, தூங்கிய பிறகு வீடு திரும்பியவள் ஞானம்மாள். பால்ராஜ் நெஞ்சுச் சளியில் போன பிறகு இல்லத்தில் தங்கி வேலை செய்ய வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈஜிபுராவில் மகள் வீட்டுக்குப் போவாள். ஜெனிஃபர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒருமுறை அம்மாவைக் கொண்டுவந்து விட்டபோது என்னிடம் சொன்னாள்:

"எங்கம்மா ஊர்ல இருக்கிற எல்லாப் பசங்களுக்கும் அம்மா, சிஸ்டர். எனக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை அம்மா."

ஞானம்மாள் பக்கத்திலேயே நின்று சிரித்தாள். "பேச்சைப் பாரு. போடி, பஸ் வந்துடும்."

விமான விளையாட்டு தொடங்கியது கேசவ் போன பிறகு. நான்கு வயசுப் பையன். அவனைக் கூட்டிப் போக வந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரியும்? கார் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினான். ஏர்போர்ட் வாசலில் கத்தினான். அந்த முறை ஞானம்மாளும் கூடப் போயிருந்தாள். கண்ணாடிக்கு உள்ளே அவன் வாய் திறந்திருப்பது தெரிந்ததாம், சத்தம் மட்டும் கேட்கவில்லையாம். திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இன்னொரு கொழந்தைய இப்படி அனுப்ப மாட்டேன் சிஸ்டர். என் கையில வளர்ந்தது அழாம போவணும்."

அதற்குப் பிறகு அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு. மற்றதெல்லாம் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும்.

விமானத்தில் என்ன நடக்கும் என்று என்னிடம் கேட்டாள். என் தங்கை மிலான் பக்கத்தில் கன்னியாஸ்திரி மடத்தில் இருக்கிறாள், அவளைப் பார்க்க நான் போய்வந்திருக்கிறேன். சொன்னேன்: பெல்ட் கட்டுவார்கள், பயங்கரச் சத்தம் வரும், காது அடைக்கும், தட்டில் சாப்பாடு தருவார்கள், கக்கூஸ் அலமாரி மாதிரி இருக்கும்.

மறுநாள் சாப்பாட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். பழைய துப்பட்டாக்கள் பெல்ட் ஆயின. காது அடைக்காமல் இருக்க ஆளுக்கொரு கடலை மிட்டாய். சத்தத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, சமையலறைக்குப் போய் இட்லி மாவு ஆட்டும் பெரிய கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அது பழைய கிரைண்டர். போட்டால் ஹால் ஜன்னல் எல்லாம் அதிரும். முதல் நாள் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஒரு வாரத்தில் கை தட்ட ஆரம்பித்தார்கள்.

கிரைண்டர் நின்றால் விமானம் இறங்கிவிட்டது. பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எல்லோரும் வரிசையாக வராந்தாவுக்குப் போவார்கள். சமையலறைக்கும் வராந்தாவில் ஒரு கதவு உண்டு. கிரைண்டரை நிறுத்திவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஞானம்மாள் அந்தக் கதவு வழியாக வந்து நிற்பாள்.

"வந்துட்டீங்களா நைனா? ஊரு எப்டி இருக்குது?"

ஒவ்வொருவரையும் தூக்கி இறக்குவாள். விளையாட்டு அத்தோடு முடியும்.

அனுஷாவுக்கு அப்போது ஐந்து வயது, தம்பி பரத்துக்கு மூன்று. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள், ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று இல்லத்தில் காத்திருந்தார்கள். பரத்தைத் தவழும் வயதிலிருந்து இடுப்பில் வைத்து வளர்த்தவள் ஞானம்மாள். அனுஷா வந்த புதிதில் யாரிடமும் பேசமாட்டாள். ஞானம்மாள் தலை வாரிவிடும்போது மட்டும் மெல்லப் பேசுவாள். அதனால் ஞானம்மாள் தினமும் இரண்டு தடவை தலை வாரிவிட்டாள்.

இத்தாலியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பெண் பெயர் சில்வியா, பள்ளிக்கூட டீச்சர். தத்து ஆர்டரும் பாஸ்போர்ட்டும் தாமதமாகிவிட்டதால் கணவர் லீவு முடிந்து முதலில் திரும்பிப் போய்விட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனியாக இரண்டு விமானம் மாற சில்வியாவுக்குத் தைரியம் வரவில்லை. தங்கையைப் பார்க்க நான் அந்தச் சமயம் விசா வாங்கி வைத்திருந்தேன். கூடப் போகச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டேன்.

கிளம்பும் காலையில் இல்லத்தின் சோஷியல் ஒர்க்கர் லாவண்யா ஞானம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஞானம்மா, நீங்க கார் கிட்ட வர வேணாம். பார்த்தா பசங்க விட மாட்டாங்க."

"நான் ஏன் வர்றேன்? எனக்கு மாவு ஆட்ற வேலை இருக்குது."

பிள்ளைகளுக்குத் தலை வாரி, புதுச் செருப்பு மாட்டிவிட்டு, உள்ளே போய்விட்டாள். குழந்தைகளைக் காரில் ஏற்றும்போது பரத் உதட்டைப் பிதுக்கினான். அந்த நேரம் பார்த்து சமையலறையில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான், அனுஷா அவனைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"பிளேன் கிளம்புதுடா, ஏறு, ஏறு."

இரண்டும் சிரித்துக்கொண்டே ஏறின. தேவனஹள்ளி ஏர்போர்ட் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு அழுகை இல்லை. "எவ்ளோ ஸ்மூத்தா போச்சு பாருங்க சிஸ்டர்," என்றாள் கூட வந்த லாவண்யா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது முன் சீட்டில் யாருடைய குழந்தையோ வீறிட்டது. எங்கள் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"ஞானம்மா கிரைண்டர் போட்டுட்டாங்க," என்றாள் அனுஷா.

சில்வியா என்னவென்று கேட்டாள். சொன்னேன். சிரித்து, குனிந்து அவள் உச்சியில் முத்தம் கொடுத்தாள். அனுஷா விலகவில்லை, ஒட்டவும் இல்லை. மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். கக்கூஸுக்குக் கூட்டிப் போனேன், பயப்படவில்லை. தட்டில் வந்ததைச் சாப்பிட்டார்கள். சில்வியாவின் மடியில் தலை வைத்து பரத் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். குழந்தைகளோடு பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், அதைவிட நல்ல பயணம் கிடைக்காது.

துபாயில் இறங்கியது. என்ஜின் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்றவுடன் பரத் விழித்தான். பெல்ட்டுக்கு அடியில் நழுவி இறங்கி, ஆட்களின் கால்களுக்கு நடுவே கதவுப் பக்கம் ஓடினான்.

"ஞானம்மா!"

அனுஷா போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இது இல்லடா. இன்னொரு பிளேன் இருக்குது. அதுக்கு அப்புறம்தான்."

எனக்கு அங்கேதான் விளங்கியது. அந்த விளையாட்டில் பெல்ட் சரி, சத்தம் சரி, மிட்டாய் சரி. முடிவு மட்டும் தப்பு. இறங்கி வரும் குழந்தைகளை எதிர்கொள்ள ஓர் ஆள் வேண்டும், ஞானம்மாள் வந்து நின்றாள். அவ்வளவு சாதாரணமான விஷயம். இங்கே ஏறினால் அங்கே அவள் நிற்பாள் என்று எத்தனையோ தடவை பழக்கிவிட்டாள்.

குழந்தையிடம் ஊசி வலிக்காது என்று சொல்லக்கூடாது, வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்ல வேண்டும். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது விமானம் மேலே ஏறியதும் அனுஷாவை என் பக்கம் திருப்பினேன்.

"இங்க பாரு கண்ணு. பிளேன் எறங்கினா அங்க ஞானம்மா இருக்க மாட்டாங்க."

"ஏன்?"

"அவங்க பெங்களூர்ல இருக்காங்க. நாம ரொம்ப தூரம் வந்துட்டோம். அங்க அப்பா நிப்பாரு. வந்து உன்கூட பந்து விளையாடினாரே, அவரு."

"சிஸ்டர், நீங்க விளையாட வந்ததே இல்ல. உங்களுக்குத் தெரியாது. ஞானம்மா மொதல்ல இருக்க மாட்டாங்க. கிரைண்டர் நின்னாதான் வருவாங்க."

"இது விளையாட்டு இல்லம்மா."

"தெரியும். இது நெஜம் பிளேன்," என்றாள். என் புறங்கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள், நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்பது போல.

இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிலான் நெருங்கும்போது அவளே சீப்பைக் கேட்டாள். தலை கலைந்திருந்தால் ஞானம்மா திட்டுவார்களாம். சில்வியா வாரிவிட முன்வந்தாள். அனுஷா சீப்பை வாங்கிக்கொண்டு தானே வாரிக்கொண்டாள், வகிடு கோணலாக.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் கணவர் நின்றிருந்தார், கையில் ஒரு துணி யானை. பாவம், அழுதுகொண்டே சிரித்தார். அனுஷா நேராக அவரிடம் நடந்தாள். யானையை வாங்கிக்கொண்டாள். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், இங்க சமையல் ரூம் எந்தப் பக்கம்?"

பரத் அதற்குள் அழ ஆரம்பித்திருந்தான். "ஞானம்மா, ஞானம்மா" என்று தரையில் உட்கார்ந்து அழுதான். ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் அழுததில் எனக்குக் கவலை இல்லை. வார்டில் அழாத குழந்தையைத்தான் முதலில் போய்ப் பார்ப்போம். அனுஷா அழவில்லை.

அவள் என்ன கேட்டாள் என்று சில்வியா கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். சில்வியா பையைக் கீழே வைத்துவிட்டு, பரத் பக்கத்தில் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவனைத் தூக்க முயற்சி செய்யவில்லை. நல்ல பெண். அந்த வீட்டில் பிள்ளைகள் நன்றாக வளர்வார்கள் என்று அப்போதே தெரிந்தது. இப்போது வளர்கிறார்கள். இரண்டு பேருக்கும் தமிழ் மறந்துவிட்டது என்று கேள்வி.

நான் தங்கை மடத்தில் இருந்துவிட்டுத் திரும்பியபோது ஞானம்மாள் சமையலறையில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி அதுதான்.

"அழுதாங்களா?"

"வழியில அழல. ரெண்டு பேரும் அழல."

"அப்பாடா." அண்ணாந்து மூச்சு விட்டாள். "நான் தான் சொன்னேனே சிஸ்டர். அந்த லாவண்யா பொண்ணு சும்மனே பயப்படுது."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் அடுத்ததாக ஷ்ரேயாஸ் என்ற பையன் போகக் காத்திருந்தான். ஹாலில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அதனால் மீதியையும் சொன்னேன். துபாய், சீப்பு, சமையல் ரூம் எந்தப் பக்கம் என்று அனுஷா கேட்டது, எல்லாம்.

ஞானம்மாளின் கை உளுந்துத் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"நல்லா தேடினாளா?"

"ரெண்டு பக்கமும் பார்த்தா."

"தலை வாரியிருந்தாளா?"

"அவளே வாரிக்கிட்டா."

தண்ணீரை வடித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவுக்குப் போய்விட்டு, வழக்கத்தைவிடத் தாமதமாகத் திரும்பினாள். மகளிடம் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

ஷ்ரேயாஸுக்காக விளையாட்டு மறுபடி ஆரம்பித்தது. அதே நாற்காலி, அதே துப்பட்டா. வராந்தாத் தூணில் அவனுடைய புது அப்பா அம்மா போட்டோவை ஒட்டச் சொன்னாள். அதன் பக்கத்தில் லாவண்யாவை நிற்கச் சொன்னாள்.

"நீ நில்லும்மா. உன்னை அவனுக்குப் பிடிக்காது. அங்கயும் பழகின ஆளு நிக்காது, அதான் சரி."

கிரைண்டர் நின்றது. ஷ்ரேயாஸ் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். லாவண்யா போட்டோவைக் காட்டினாள். அவன் அதைப் பார்க்கவே இல்லை. நேராகச் சமையலறைக் கதவுக்குப் போய்த் தட்டினான்.

"ஞானம்மா, பிளேன் வந்துடுச்சு. ஞானம்மா."

நான் உள்ளே இருந்தேன். கதவை அவள் முன்பே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். தாழ்ப்பாள் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கதவுக்கு முகத்தைக் காட்டி நின்றாள். அவன் தட்டத் தட்ட மரம் அதிர்ந்தது. தட்டுவது நின்று, அழுகை ஆரம்பித்து, லாவண்யா அவனைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு கிரைண்டர் பக்கம் போய், மாவை வழிக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கும் தட்டுவான் சிஸ்டர்," என்றாள். "போற அன்னைக்கு தட்டாம இருக்கணும்."