கமலினி ரீச்சர் வேண்டாமென்ற பதவி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கமலினி ரீச்சர் கெட்டதும் வாயால்தான். ஆனால் தவளைபோலக் கத்திக் கெடவில்லை. 'வேண்டாம்' என்று மரியாதையாக ஒரு சொல் சொல்லிக் கெட்டார்.

அவர் இருந்தது பிளம் கிறீக்கில். சிட்னியிலிருந்து கெல்லிவில்லையும் தாண்டி, தோடம்பழத் தோட்டமும் கோழிப்பண்ணையுமாக நீளும் வீதியில் ஒரு தபாற்கந்தோர், ஒரு கடை, தகரக்கூரை போட்ட ஒரு மண்டபம், இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஒரு பள்ளிக்கூடம். அந்த இரண்டு பேரில் ஒருவர் ரீச்சர். கணவர் இந்திரகுமார் காலையில் காரில் பிளாக்டவுன் போய், அங்கே ரயில் பிடித்து வேலைக்குப் போவார். எழுபத்துநாலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கையோடு இந்தப் பட்டிக்காட்டில் வீடு வாங்கியது அவருடைய யோசனை. நாலு ஏக்கர் வளவில் முருங்கை நடலாம் என்று மனக்கோட்டை கட்டினார். முதல் பனிக்காலத்தில் முருங்கை செத்தது. அடுத்த பனிக்காலத்துக்குச் சாக்குச் சுற்றிப் பார்த்தார். சாக்கு தப்பியது, முருங்கை செத்தது.

நார்த்மீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துச் சிறிதரன் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களைச் சாப்பிடக் கூப்பிடும். "அந்தக் காட்டுக்குள்ள கிடந்து என்ன செய்யிறியள்? பேசாமல் இஞ்சால வந்திடுங்கோவன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லும். ரீச்சர் சிரித்து மழுப்பிவிடுவார். உண்மையில் அவருக்குப் பிளம் கிறீக் பிடித்துப்போயிருந்தது. நீளப் பெயரைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் 'மிஸஸ் கே' என்று பின்னாலேயே ஓடிவருவது பிடித்திருந்தது. வேறு யாரும் வாங்காத உலர்ந்த தேங்காய்ப்பூப் பைக்கற்றைக் கடைக்காரர் இவருக்கென்றே ஒதுக்கி வைப்பதும் பிடித்திருந்தது.

ஊருக்கு இருந்த குறை ஒன்றுதான். அதை ஆண்ட வட்டாரசபை, ஷயர் என்பார்கள், மலைக்கு அந்தப் பக்கம், ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருந்தது. வரி வாங்குவதில் மட்டும் தூரம் தெரியாது. ஓடைக்கு மேலே இருந்த மரப்பாலம் ஒவ்வொரு மழைக்கும் மூழ்கும். முறைப்பாடு போனால் 'அடுத்த வருடம் பார்ப்போம்' என்று பதில் வரும். அந்தச் சபையில் பிளம் கிறீக்குக்காக வாய் திறக்க ஒரு ஆள் கிடையாது. எழுபத்தைந்தில் பெய்த ஒரு பெருமழைக்குப் பாலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளோடு ரீச்சர் வீட்டுக்குப் போகமுடியாமல் மாட்டிக்கொண்டார். மோல்டா தேசத்துக்காரி கார்மன் ஸாமித் தன் கோழிக் கொட்டகையைத் திறந்துவிட்டார். வெள்ளம் வடியும்வரை ரீச்சர் அங்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளைவிடக் கோழிகள் கவனமாகக் கேட்டன என்று கார்மன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அன்று தொடங்கியது இருவருடைய சிநேகிதம்.

அடுத்த கிழமை ஊர் மண்டபத்தில் கூடியது. "ஷயரை விட்டுப் பிரிவோம். எங்களுக்கென்று ஒரு பட்டினசபை கேட்போம்" என்று எழுந்து சொன்னவர் கெவின். தோடந்தோட்டக்காரர். ஒரு நாளைக்கு இத்தனை சொல்தான் என்று அளந்து பேசுபவர்போல் இருப்பார். ஊரில் பாதிக்கு மேல் கையெழுத்து வைத்தால் மாநில அரசு ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பும், அவர் மனம் வைத்தால் பட்டினசபை கிடைக்கும் என்று விளக்கினார். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் வேலையை ரீச்சரும் கார்மனும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அலைச்சலில் ரீச்சர் ஒரு பாடம் படித்தார். முதல் வீட்டில் "தேநீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். "வேண்டாம், உங்களுக்கு ஏன் வீண் சிரமம்" என்றார் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் என்றால் அதற்கு அர்த்தம் 'கேத்திலை அடுப்பில் வையுங்கோ' என்பதுதான். இங்கே வீட்டுக்காரி "சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் வீட்டிலும் அதே கதை. மூன்றாம் வீட்டில் தொண்டை வறண்டு பேச்சு வராமல் போன பிறகுதான் ரீச்சருக்கு விளங்கியது, இந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று. நாலாம் வீட்டில் கேட்டு முடிக்க முதலே "ஆம், பாலும் சீனியும்" என்றார். அதன் பிறகு தேநீருக்குக் குறைவில்லை. கையெழுத்துக்கும் குறைவில்லை.

ஆனால் தேநீர் வேறு, பதவி வேறு. அங்கேதான் ரீச்சர் சறுக்கினார்.

பட்டினசபை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் நடத்த ஐந்து பேரை ஊரே முன்மொழிய வேண்டும், அவர்களை விசாரணை அதிகாரிக்குக் காட்டவேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஐந்து பேரில் ஒருவராக இருக்க ரீச்சருக்கு ஆசை. சாதாரண ஆசை இல்லை, நெஞ்சு முட்டிய ஆசை. ஊரில் எந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உப்பு, எந்த வீட்டுக் கிழவி பாலம் மூழ்கியதால் வைத்தியரிடம் போகமுடியாமல் கிடந்தாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவர்களுக்காக நான் பேசவேண்டும் என்று இரவும் பகலும் நினைத்தார். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. பதவியை வாய்விட்டுக் கேட்பவன் வெட்கம் கெட்டவன் என்று வளர்ந்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் கோயில் சபைக்குத் தலைவராக வரச் சொல்லி ஊரார் தகப்பனிடம் வந்தபோது, "எனக்கேன் இந்தப் பொல்லாப்பு" என்று அவர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை காலில் விழாத குறையாகக் கேட்ட பிறகுதான் தலையாட்டினார். பிறகு சாகும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பது வேறு கதை.

தெரிவுக் கூட்டத்துக்கு ரீச்சர் நீலப் பட்டுச்சேலை கட்டிப் போனார். நன்றி சொல்ல நாலு வசனம் ஆங்கிலத்தில் பாடமாக்கி வைத்திருந்தார். கெவின், கார்மன், கடைக்காரர், தபாற்காரர் என்று நாலு பேர் தெரிவானார்கள். பிறகு கெவின் திரும்பி ரீச்சரைப் பார்த்தார்.

"கமலினி, நீங்கள் நிறைய உழைத்திருக்கிறீர்கள். ஐந்தாவதாக இருக்கிறீர்களா?"

ரீச்சரின் நெஞ்சு துள்ளியது. ஆனால் வாய் தகப்பனுடைய வாய்.

"ஐயோ, நானா? வேண்டாம். என்னைவிடத் தகுதியானவர்கள் இருப்பார்கள்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த அழைப்புக்காகக் காத்திருந்தார்.

"சரி. உங்கள் விருப்பம்" என்றார் கெவின். ஒரு பால்பண்ணைக்காரரைக் கேட்டார். மாடு யார் கறப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். இன்னொருவர் காது கேட்காததுபோல் இருந்தார். ஐந்தாம் இடம் காலியாகவே கிடக்க, கூட்டம் முடிந்து கேக் வெட்டினார்கள். ரீச்சர் குனிந்த தலையை நிமிர்த்தியபோது எல்லாரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் குசினிக் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஒருக்கா, ஒரே ஒருக்காத்தான் கேட்டவன், பாருங்கோ. ரெண்டாந்தரம் கேட்டால் அவன்ர வாய் நோகுமே?"

"நீர் வேண்டாம் எண்டனீர். அவன் நம்பிப்போட்டான்" என்றார் இந்திரகுமார்.

"அப்பிடியில்லை. கறுத்தச்சி எங்களோட என்னத்துக்கு எண்டு நினைச்சிருப்பினம். ஒப்புக்குத்தான் கேட்டது."

"அந்த மனுசனைப் பாத்தால் அப்பிடியே தெரியுது? நாளைக்குப் போய், எனக்கு விருப்பம் எண்டு சொல்லுமன்."

"நான் போய்ப் பதவிப் பிச்சை கேக்கிறதோ?"

இந்திரகுமார் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முருங்கை நட்ட இடத்தைப் பார்க்கப்போனார்.

அதன்பிறகு ரீச்சர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கெவினுடைய லொறிச் சத்தம் வீதியில் கேட்டால், இந்தா கேட்க வாறார் என்று தலையைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வருவார். லொறி கையசைத்துவிட்டுப் போய்விடும். மனம் நொந்து, ஒரு ஞாயிறு சிறிதரன் வீட்டில் "எங்களுக்கும் இஞ்ச ஒரு வீடு பாருங்கோ" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். சொன்ன கையோடு அழுகை வந்தது. அதை வெங்காயத்தின் தலையில் போட்டார்.

விசாரணைக்கு முதல்நாள் கார்மன் ஒரு தட்டு முட்டையோடு வந்தார். முட்டையை மேசையில் வைத்துவிட்டு, வைத்த வேகத்திலேயே சண்டைக்கு நின்றார்.

"ஏன் வேண்டாம் என்றாய்? எங்களோடு சேர்ந்திருக்க உனக்கு மனமில்லையா?"

"எனக்கு மனமில்லையா?"

"கெவின் அப்படித்தான் நினைக்கிறார். ஞாயிறு தோறும் சட்டியும் பானையுமாக உன் ஆட்களிடம் போகிறாய். சீக்கிரம் அங்கேயே குடிபோய்விடுவாய், அதனால்தான் பொறுப்பு எடுக்கவில்லை என்று நினைக்கிறார். உன்னை வற்புறுத்தக்கூடாது, அது மரியாதை இல்லை என்கிறார். மனிதர் நன்றாக நொந்துபோயிருக்கிறார்."

திரும்பக் கேட்காதது ரீச்சருக்கு அவமரியாதை. திரும்பக் கேட்பது அவர்களுக்கு அவமரியாதை. இரண்டு பக்கமும் மரியாதை பார்த்துப் பார்த்தே மனம் நொந்திருக்கிறது. எல்லாவற்றையும் கார்மனிடம் கொட்டிவிட வாய் துடித்தது. ஆனால் வெட்கம் விடவில்லை; முட்டைகளை எடுத்து ஒதுக்கி வைத்தார். கார்மன் வெறும் தட்டோடு போய்விட்டார்.

அடுத்த நாள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். ஷயரின் வழக்கறிஞர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுப் பேசினார்.

"பாலத்தையும் வீதியையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஐயா, இந்த ஊரில் சபைக்கு ஐந்து பேர்கூடக் கிடைக்கவில்லை. வீடு வீடாக அலைந்து கையெழுத்து வாங்கிய ஆசிரியையே, கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கே நம்பிக்கை இல்லாத ஊரை நாங்கள் எப்படி நம்புவது?"

கெவின் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் மரியாதைக்குச் சொன்ன ஒரு சொல், ஒரு ஊரின் தலையில் கல்லாக விழும் என்று ரீச்சர் கனவிலும் நினைக்கவில்லை.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த அம்மா இங்கே இருக்கிறாரா? இது உண்மையா?"

ரீச்சர் எழுந்தார்.

"உண்மை ஐயா. வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் எனக்கு வேண்டும்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"எங்கள் ஆட்கள் ஒரு பொறுப்பைக் கேட்டவுடனே எடுக்கமாட்டோம். இரண்டு முறை வேண்டாம் என்போம், மூன்றாம் முறை எடுப்போம். என் அப்பாவும் அப்படித்தான். நான் இரண்டாம் முறைக்காகக் காத்துக்கொண்டு இருந்தேன். அதற்குள் இவர்கள் கேக் வெட்டிவிட்டார்கள்." ரீச்சர் கெவின் பக்கம் திரும்பினார். "எனக்கு இந்த ஊர் வேண்டும். நான் எங்கேயும் போகப்போவதில்லை. எனக்கு அந்த ஐந்தாவது இடம் வேண்டும்."

பிறந்ததிலிருந்து அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அன்றுதான்.

முதலில் சிரித்தது கார்மன். அந்தச் சிரிப்புக்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது. பிறகு மண்டபமே சிரித்தது, அதிகாரியும் வாயைப் பொத்திக்கொண்டார். கெவின் மெதுவாக எழுந்து நின்றார்.

"கமலினி, இரண்டாம் முறை கேட்கிறேன். ஐந்தாவதாக—"

"ஓம்! ஓம்!" என்று தமிழிலேயே கத்திவிட்டார் ரீச்சர். மொழிபெயர்க்க வேண்டிய தேவை வரவில்லை. கடைசி வரிசையில் நின்ற இந்திரகுமார் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சீறினார்.

எழுபத்தேழு இலையுதிர்காலத்தில் அரசாங்கத்தின் சம்மதம் வந்தது. அதே மண்டபத்தில், அதே தகரக்கூரைக்குக் கீழே, பிளம் கிறீக் பட்டினசபையின் முதல் கூட்டம் நடந்தது. முதல் வேலை தலைவரைத் தெரிவுசெய்வது. கடைக்காரர் கெவினின் பெயரைச் சொன்னார்.

"நானா? வேண்டாம்" என்றார் கெவின். "எனக்குப் பேச வராது. வேறு யாரையாவது போடுங்கள்."

"சரி. உங்கள் விருப்பம்" என்றார் கடைக்காரர். "அப்படியென்றால் வேறு யார்?"

ரீச்சர் கெவினைப் பார்த்தார். எப்போதும் காற்றில் பறக்கும் தலைமயிர் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தது. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் போடும் கோட்டு, புதுக் கழுத்துப்பட்டி. கண் மேசையில், காது மட்டும் இவர்கள் பக்கம். அந்தத் தலைக்குனிவு ரீச்சருக்கு நன்றாகத் தெரிந்த தலைக்குனிவு.

"பொறுங்கோ" என்றார் ரீச்சர். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். "கெவின், நீங்கள்தான் தலைவராக இருக்கவேண்டும்."

"இல்லை, கமலினி. உண்மையாகவே வேண்டாம்."

கார்மன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரீச்சர் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தார்.

"மூன்றாம் முறை கேட்கிறேன், கெவின்."

கெவினின் காது இரண்டும் சிவந்தன. "சரி" என்றார். "நீங்கள் இவ்வளவு சொல்வதால்."

கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றும்போது அவர் ரீச்சரின் பக்கத்தில் வந்து நின்றார். கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றினார்.

"நன்றி" என்றார் தாழ்ந்த குரலில். "நீங்களும் கேட்காமல் விட்டுவிடுவீர்களோ என்று பயந்துபோனேன்."