ஏரிக்கரையில் இரண்டு நாற்காலிகள்

கனடாவில் வெயில் அடித்தால் ஆட்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மே மாதம், ஓர் ஏரியின் கிழக்குக் கரையில் டென்ட் அடித்துத் தங்கியிருந்தோம். காலையில் பக்கத்து டென்ட்டுப் பெரியவர் டேவ், வெயிலை நாங்கள்தான் பாடுபட்டுக் கொண்டுவந்தோம் என்பதைப் போல, "என்ன அருமையான நாள்!" என்றார். அவர் அரைக்கால் சட்டையில் இருந்தார், நான் ஸ்வெட்டரில். வெயில் நகர நகர அதன் பின்னாலேயே தன் மடக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார். ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு நிழலையும் தேடுகிற கூத்து எங்களுடையது. நாற்காலிகளை எதிர்ப்பக்கம் இழுத்தோம். நடுவில் சந்தித்தபோது அவர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். அவருக்காக வெயிலை விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் குமரன் விளக்கப் பார்த்தார். "விடுங்க, நல்ல பேருதானே வருது" என்று தடுத்துவிட்டேன்.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊரில், வைகாசி மாதம் ஒருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது நிழலைத்தான். அப்பா பருத்தி வயலில் கூலி வேலை செய்த காலத்தில் நான் சாப்பாடு எடுத்துப் போவேன். வாய்க்கால் கரைப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்த்ததும், "வா புள்ள, இப்புடி உக்காரு" என்று நகர்ந்துகொள்வார்கள். அப்போது அவர்கள் முதுகில் வெயில் விழும்.

அந்தப் பக்கம் திரும்பிப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் இந்த ஏரிக்கு வந்திருந்தோம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் குமரனுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ சொல்றதுதான் முடிவு, அரசி. ஒவ்வொரு பனிக்கும் ஊருக்குப் போயிடலாம்னு நீதானே சொல்லுவ" என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டார். உண்மைதான், வந்த நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது கேட்டது கைக்கு வந்ததும் வாய் திறக்க முடியவில்லை.

புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கு வடக்கே இருந்த குன்றின்மேல் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். எங்களுக்கு மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. ஆனாலும் சுகமாக இருந்தது. மரங்களில் தளிர் விட்டிருந்தது. பனி உருகிய தண்ணீர் எல்லாப் பக்கமும் சலசலத்தது. எங்கள் ஆறுகள் இதே மாதத்தில் வெறும் மணலாகக் கிடக்கும், பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள்.

உச்சிவேளையில் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் வழிக்குறி எதையும் காணோம். போனில் சிக்னல் இல்லை. நான் அசரவில்லை. பக்கத்தில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி போற பக்கம் கிழக்கு. நம்ம டென்ட் கிழக்குக் கரை. ஓடையோடவே போனா போதும்" என்றேன்.

"இது என்ன வெட்டாறா?" என்றார் குமரன். கேட்டாரே தவிர, அவரும் தஞ்சாவூர்க்காரர்தான், பின்னாலேயே வந்தார். வெட்டாறு ஓடும் எங்கள் பக்கம் எந்த வாய்க்காலைப் பார்த்தும் திசை சொல்லிவிடலாம். எல்லாம் கடலைப் பார்த்துக் கிழக்கேதான் போகும்.

இந்த ஓடை எங்களை ஏரியின் மேற்குக் கரையில் கொண்டுபோய் விட்டது. எதிர்க்கரையில் எங்கள் நீல டென்ட் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. கயிற்றில் என் மஞ்சள் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"இந்த ஊரு தண்ணிக்குத் திசையே தெரியலங்க" என்றேன். குமரன் சிரித்துச் சிரித்துப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அங்கேயே சோற்றைப் பிரித்தோம். தின்றுகொண்டே அந்த டென்ட்டைப் பார்த்தேன். எல்லாவற்றையும் மடித்துக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கே போய்விட்டதாக நினைத்துப் பார்த்தேன். கையில் எடுத்த சோற்றைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. இதை நான் எனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஊரை நினைத்து அழுததெல்லாம் பொய்யில்லை. இதுவும் பொய்யில்லை.

கரையைச் சுற்றி நடந்து டென்ட்டுக்கு வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது, குளிரும் வந்துவிட்டது. நிழலில் போட்டுவிட்டுப் போன எங்கள் நாற்காலிகள், வெயில் மிச்சமிருந்த ஒரே இடத்தில் கிடந்தன. டேவ் மரத்தடி நிழலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காலையில் நீங்கள் எனக்குக் கொடுத்தீர்கள். இப்போது உங்கள் முறை" என்றார். பூவரச மரத்தடியில் நகர்ந்துகொண்டவர்களின் முகம் நினைவுக்கு வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உட்கார்ந்தேன். உடம்புக்கு இதமாக இருந்தது. குமரன் பழக்கதோஷத்தில் என் நாற்காலியை நிழலுக்கு இழுக்க வந்தார்.

"வேணாங்க, இருக்கட்டும். திங்கக்கெழம அவங்கள்ட்ட வரலன்னு சொல்லிடுங்க."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான். ஆனா வருஷா வருஷம் ஆத்துல தண்ணி வர்றப்ப நான் ஊர்ல நிக்கணும். அதுக்கு மட்டும் குறுக்க நிக்காதீங்க."

அவர் தன் நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "எனக்கும் போக மனசில்ல. நீ அழுவியேன்னுதான் சொல்லல" என்றார்.

கால்களை வெயிலில் நீட்டினேன். நெற்றி சுட்டபோது மஞ்சள் துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டேன். வெயில் வேண்டாமோ என்று டேவ் பதறி எழுந்தார். வேண்டும் என்று கைகாட்டி உட்காரவைத்தேன். வழிதவறிப் போய்ச் சோறு தின்ற அந்தக் கரையில் சூரியன் இறங்கும்வரை, கால் வெயிலிலும் தலை நிழலிலுமாக அப்படியே உட்கார்ந்திருந்தேன்.