கீழ்த்தட்டில் நுரை இல்லை

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கூல் பார் வைத்திருந்த அக்கா நானாட்டானில் பிறந்தவர். கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அன்றைக்கு நன்றாகத் தணிந்திருந்தது. நான் கொடுத்த இஞ்சிப் பியரில் ஒரு போத்தலைத் திறந்தபோது நுரை பீறிட்டு வந்து புதுச் சட்டை போட்டிருந்த ஒரு ஐயாவை நனைத்துவிட்டதாம். அதே பையில் வந்த இன்னொரு போத்தல், ஆறிப்போன இஞ்சித் தேத்தண்ணி மாதிரி இருந்ததாம்.

"பிள்ளை, எல்லாத்திலயும் ஒரே அளவு காஸ் இருக்கவேணும். இல்லாட்டி என்னால எடுக்க ஏலாது. இன்னும் ஒரு சனிக்கிழமை பாப்பம்" என்றார்.

வங்காலைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. வியாபாரம் போகிறதே என்று அழவில்லை. சனிக்கிழமை போகிறதே என்றுதான் அழுதேன்.

என் கணவர் அட்டை குளிக்கப் போகிறவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்க் கடலட்டை பொறுக்குவது அவருடைய தொழில். ஒருநாள் கீழே சிலிண்டர் முடிந்துவிட, தாமதித்து ஏறவேண்டியவர் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். வள்ளத்தில் இருந்து சிரித்துக் கதைத்தவருக்குக் கரை வருவதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. தூரத்து ஆஸ்பத்திரியில் காற்றழுத்தப் பெட்டிக்குள் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். கால் திரும்பவில்லை. அதன்பிறகு அவர் அறைக்குள், நான் அவரைச் சுற்றி. கழுவ, புரட்ட, தூக்க, துடைக்க. பூசைக்குக்கூட நின்ற நிலையில் போய் ஓடி வருவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அயலில் எல்லோரும் என்னைப் புண்ணியவதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இஞ்சிப் பியர் அம்மா நத்தார்ப் பண்டிகைக்குச் செய்வது. இஞ்சியை இடித்துச் சீனியோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தேசிக்காய் பிழிந்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டு, போத்தலில் அடைக்கும்போது இன்னும் கொஞ்சம் சீனி சேர்த்து மூடவேண்டும். அந்தக் கடைசிச் சீனிதான் மூடிக்குள் காஸாக மாறுகிறது. அதை நான் விற்கத் தொடங்கியதால் கிழமைக்கு ஒருதரம் மன்னாருக்குப் போக ஒரு நியாயம் கிடைத்தது. வேலியடியில் நின்று பக்கத்து வீட்டு மாமியிடம் அவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பை இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும்போது நான் யாருடைய மனைவியும் இல்லை. போத்தலைக் கொடுத்துவிட்டுச் சந்தையில் ஒன்றும் வாங்காமல் சுற்றுவேன். அவ்வளவுதான் என் களவு. அதற்கும் இப்போது ஒரு சனிக்கிழமைதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் பிழை எங்கே என்று தேடத் தொடங்கினேன். முதலில் சீனியில் சந்தேகம். ஒவ்வொரு போத்தலுக்கும் கரண்டியால் அள்ளிப் போடுவதை விட்டு, சீனியைப் பாகாகக் காய்ச்சிப் பெரிய பானையிலேயே கலந்தேன். பிறகு நிரப்பும் அளவு. எல்லாப் போத்தலிலும் கழுத்துக்கு ஒரே இடத்தில் நூல் கட்டி, அதுவரை மட்டும் விட்டேன். மூடிகளைக் குறட்டால் இறுக்கினேன். காஸ் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் நிரப்பி, போத்தல் அடுக்கும் மூன்று தட்டு இறாக்கையின் மேல்தட்டில் வைத்தேன். விரலால் அமுக்கினால் கல்லு மாதிரி நின்றது. சரி, வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பார்ப்பதற்கென்று தட்டுக்கு ஒன்றாகத் திறந்தேன். மேல்தட்டில் நல்ல நுரை. நடுத்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஒன்றுமில்லை.

இறாக்கை நின்றது அவருடைய அறையில், கட்டிலின் தலைமாட்டில். வேறு இடம் இல்லை. குசினியில் அடுப்பு வெக்கை, ஹோலில் பின்னேர வெயில். வேப்பமர நிழல் விழும் அறை அது ஒன்றுதான். சூடு மேலே ஏறும், கீழே குளிர், அதனால்தான் கீழே புளிக்கவில்லை என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்தேன். கீழே இருந்ததை மேலே மாற்றினேன். மேலே போனது நுரைத்தது, கீழே வந்தது செத்தது. கீழ்த்தட்டுகளைச் சாக்கால் போர்த்தினேன். அப்போதும் அதே கதை. நான் புலம்பிக்கொண்டு திரிவதை அவர் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். சவர்க்காரம் முடிந்துவிட, எடுக்க உள்ளே வந்தேன். அறையில் இருந்து ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், நீளமாக, மெல்லியதாக. பாம்பாக்கும் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன்.

அவர் சாக்கை ஒதுக்கிவிட்டு ஒரு முழங்கையில் ஊன்றிக் கிடந்தார். மற்றக் கையில் போத்தல். மூடியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் காற்றை விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் முற்றாக அடங்கும்வரை காத்திருந்து, திரும்ப இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். அடுத்ததை எடுத்தார். அவருடைய கை நடுத்தட்டு வரைதான் எட்டும்.

எனக்கு உச்சியில் ஏறியது. இத்தனை நாள் நான் சீனியையும் வெயிலையும் என் கையையும் திட்டிக்கொண்டு திரிய, இந்த மனுசன் பார்த்துக்கொண்டல்லவா கிடந்தது. ஈரக்கையோடு உள்ளே போய்ப் போத்தலைப் பறித்தேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எழுதத் தகாததும் அதில் இருந்தது. நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் பேசினார்.

நான் மருந்து எடுக்க வரிசையில் நின்ற ஒரு நாள், தனக்கு என்ன நடந்தது என்று அவர் டொக்டரிடம் கேட்டாராம். டொக்டர் மேசையில் இருந்த சோடாப் போத்தலைக் குலுக்கிப் பட்டென்று திறந்து காட்டினாராம். ஆழத்தில் அமுங்கிக் கிடந்த காற்று, வேகமாக மேலே வந்ததும் உன் இரத்தத்தில் இப்படித்தான் பொங்கியது, மெல்ல வந்திருந்தால் பொங்கியிராது என்றாராம்.

"அதுக்குப் பிறகு மூடின போத்தலைக் கண்டால் ஏலாது. நீ கொண்டுவந்து என்ர தலைமாட்டிலயே அடுக்கினாய். எல்லாம் உள்ளுக்க ஊதிக்கொண்டு கிடக்குது. நான் எழும்பி எங்க போறது?"

எனக்கு அந்த இடத்தில் இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்ததுதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று வந்தது. அவருடைய முகத்தில் இன்னும் சொல்லாத ஏதோ மிச்சம் இருந்தது.

"அந்தப் பயத்திலயோ திறந்தனீங்கள்? இல்லாட்டி நான் சனிக்கிழமை போகக்கூடாதெண்டோ?"

அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ரெண்டுக்கும்தான்" என்றார். "நீ ஒருநாள் திரும்பி வராமல் விட்டிடுவாய்."

இல்லை என்று நான் சொல்லவில்லை. நினைத்துப் பார்க்காத மாதிரி நடிக்க எனக்கு அந்த நேரம் பலம் இல்லை. சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், தோய்த்த உடுப்பையே திரும்பவும் தோய்த்தேன்.

போத்தல்களை வெளியே வைக்க முடியாது. வியாபாரத்தை நிற்பாட்டவும் எனக்கு மனமில்லை. அதனால் அவரை வெளியே வைத்தேன். வெள்ளிக்கிழமை மாமியின் மகனைக் கூப்பிட்டுக் கட்டிலை ஹோலுக்கு இழுத்தோம். பின்னேர வெயிலுக்குச் சாக்குத் தட்டி கட்டினேன். ரோட்டால் போகிற சனம் பார்க்கும் என்று அவர் மறுத்தார். விழுந்த நாளில் இருந்து ஊர்க்கண்ணில் படாமல் அந்த அறைக்குள் ஒளித்துக் கிடந்தவர் அவர். பார்க்கட்டும் என்று சொல்லி, சக்கரக் கதிரையில் இருத்தி வாசலுக்குத் தள்ளினேன். முதல் இரண்டு நாள் தலையைக் குனிந்தபடி இருந்தார். பிறகு அவரோடு அட்டை குளிக்கப் போன ஒருவர் சைக்கிளை நிற்பாட்டிக் கதைத்தார். பிறகு இன்னொருவர்.

அந்தச் சனிக்கிழமை மேல்தட்டுப் போத்தல்களை மட்டும் கொண்டுபோய்ச் சமாளித்தேன். இப்போது மூன்று தட்டிலும் நுரை ஒரே அளவு. கூல் பார் அக்காவுக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. புதன்கிழமையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

ஒன்றுதான் நான் யோசிக்காமல் விட்டது. அவர் அறைக்குள் கிடந்தபோது நான் போவது அவருடைய கண்ணில் படாது, கதவுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். வாசலில் இருந்து பார்த்தால் பஸ் நிற்கும் இடம் நேரே தெரிகிறது. நான் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்கும்போதும் அதே இடத்தில் இருக்கிறார், சாப்பாடு ஆறிப்போய் மடியில் கிடக்கிறது. பாலத்தில் நான் இப்போது தண்ணீரைப் பார்ப்பதில்லை, மணியைப் பார்க்கிறேன். சந்தைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை பற்றிக் கேட்டால் "ஓம், போட்டு வா" என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்ப்பார். நான் இன்னும் கேட்கவில்லை.