வருமான வரம்பு ஏறிய வருடம்

அந்த யோசனை கணபதி பஸ் ஸ்டாப்பில் வந்தது. பக்கத்தில் நின்றவர் விரித்திருந்த பேப்பரை எட்டிப் பார்த்தேன். குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு வாடகை வீடுகள், குலுக்கலில் ஒதுக்கீடு. இரண்டு அறை, சமையற்கட்டு, உள்ளேயே குழாய். என் பஸ் வந்து போனதைக் கவனிக்கவில்லை. அம்மாவின் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று அதற்குள் முடிவுசெய்துவிட்டேன்.

அப்பா போன பிறகு அம்மா ஈரோட்டில் மாமா வீட்டில் இருந்தாள். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா வீட்டின் பின்பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். "ஒரு ஆளுக்குத்தான் ரூமு அம்மணி, தண்ணி பத்தாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மா வந்தால் ஓர் இரவு தங்கலாம். மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால் கதவைத் திறக்கக் கை வராது. சாயங்காலம் சுற்றியுள்ள பட்டறைகளின் லேத் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிய பிறகு பேச ஆளில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குச் "சரிங்க" என்று பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

விண்ணப்பிக்கப் போனால், கவுன்ட்டரில் இருந்தவர் சம்பளச் சான்றிதழைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வரம்புக்குக் கொஞ்சம் கூடிப்போச்சுங்க. இப்பத்தான் இன்க்ரிமென்ட் வாங்கியிருக்கறீங்க. மேல் பிரிவுல போடுங்க."

மேல் பிரிவில் வாடகை வீடே கிடையாது. விலைக்குத்தான், முன்பணம் வேறு. அந்த இன்க்ரிமென்டை நச்சரித்து வாங்கியவளே நான்தான். மறுநாள் முதலாளியிடம் போய் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இங்க வாங்க. சம்பளத்தைக் கொறைங்கன்னு ஒரு புள்ள வந்து நிக்குது. நல்லாப் பாத்துக்குங்க, இனி இப்படி ஒருத்தரைப் பாக்க மாட்டீங்க." பிறகு என்னிடம், "போயி வேலையப் பாரு கண்ணு. உனக்குக் கொறைச்சா எல்லாத்துக்கும் நாங் கொறைச்சுப்போட்டேன்னு ஊரே பேசும்" என்றார்.

அடுத்த வருடம் வரம்பையே உயர்த்தினார்கள். நான் உள்ளே வந்துவிட்டேன். என்னைப் போல வாசலில் நின்ற அத்தனை பேரும் வந்துவிட்டார்கள் என்பது, குலுக்கல் நடந்த கல்யாண மண்டபத்தில்தான் உறைத்தது. வீடுகள் என்னவோ முன்பிருந்த அளவுதான். செருப்பு விடும் இடத்தில் நின்றேன். பக்கத்தில் ஒரு மில் தொழிலாளி அம்மா என் சம்பளத்தை விசாரித்துவிட்டு, "உங்களையெல்லாம் ஏனுங்க உள்ள உட்டாங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே என் எண் சீட்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினேன்.

அவர் எண்ணும் வரவில்லை, என் எண்ணும் வரவில்லை. எண் வந்தவர்கள் குடும்பமாகக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பியபோது வீட்டுக்காரம்மா வாசலிலேயே இருந்தார்.

"அடுத்த மாசத்துலிருந்து வாடகைய ஏத்திக் குடுத்துரு அம்மணி."

"ஏனுங்கம்மா?"

"உங்களாட்ட ஆளுகளுக்கு வருமானம் ஏறிப்போச்சுன்னு பேப்பர்லயே போட்டுட்டானே."

"அது வரம்புங்க. சம்பளம் ஏறலீங்க."

"ஏதோ ஒண்ணு ஏறுச்சல்லோ?"

அறைக்குள் போனேன். ஒற்றை ஆளுக்கான அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது அந்தப் பேச்சையே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வரம்பு ஏறினால் வாடகை ஏறலாம் என்றால், அறைக்கு ஆளும் ஏறலாம். கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன், தண்ணீரைத் தெருக்குழாயில் நானே பிடித்துக்கொள்கிறேன், ரூமுக்கு இனி இரண்டு ஆளுங்க. ஒன்றாம் தேதி வாடகையைக் கையில் வைத்துக்கொண்டே இதைக் கேட்பது, அவர் தலையாட்டினால் அன்றைக்கே அம்மாவைக் கூட்டிவர ஈரோட்டுக்குப் பஸ் ஏறுவது என்று முடிவு செய்தேன்.